நோகாமல் பாவசங்கீர்த்தனம்

தமிழில் முதன்முதலாக அச்சேறிய புத்தகங்களில் ஒன்று, பாவத்தை எப்படிச் சொல்லித் தீர்ப்பது என்பதற்கான கைநூல். பெயர் 'கொம்பெசியொனாயரு'. 1580-ல் கொச்சியில் அண்ட்ரிக் அடிகளார் அச்சிட்டது, முத்துக்குளித்துறைப் பரதவர்களை மனத்தில் வைத்து. பஞ்சாங்கத்துக்கும் சமையல் குறிப்புக்கும் முன்னாலேயே இது வந்துவிட்டது என்றால், கடற்கரைக்காரனுக்கு எது அவசரம் என்று அந்தப் போர்த்துக்கீசியச் சாமியாருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் பாவத்தையும் சொல்லி, மானத்தையும் காப்பாற்றிக்கொள்வது எப்படி என்று அவர் எழுதியிருக்க மாட்டார். அந்தக் குறையை பாண்டிக் கடற்கரையின் நல்லவாட்டிலிருந்து நான் தீர்த்துவைக்கிறேன். தவக்காலத்தில் உதவும்.

முதல் வேலை, சாமியாரைத் தேர்ந்தெடுப்பது. அரியாங்குப்பம் மாதா கோயில் பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே போகாதீர்கள். அங்கே ஃபாதருக்கு உங்கள் குரல் தெரியும், உங்கள் மனைவியின் குரலும் தெரியும், போன வாரம் அவர் என்ன சொன்னார் என்பதும் தெரியும். கேட்டதை வெளியே சொல்லக்கூடாது என்று 1215 லாத்தரன் சங்கத்திலேயே கண்டிப்பாகச் சட்டம் போட்டாகிவிட்டது, உண்மைதான். ஆனால் முகத்துக்கு யார் சட்டம் போடுவது? அடுத்த ஞாயிறு நன்மை கொடுக்கும்போது ஒரு பார்வை பார்ப்பார், போதாதா? ஆகவே பாண்டி போய் பஸ் மாறி வில்லியனூருக்குப் போங்கள். லூர்து மாதா கோயிலில் திருவிழாக் கூட்டம் நெரியும் நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் ஐம்பது பேர் நிற்கும்போது எந்தச் சாமியாரும் குறுக்குக் கேள்வி கேட்பதில்லை.

பழைய ஞானோபதேசத்தில் நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் வேண்டும் என்று மனப்பாடம் செய்யவைத்தார்கள்: ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, சங்கீர்த்தனம், அபராதம். இதில் ஆத்தும சோதனையைப் பிறர் விஷயத்தில் செய்வது சுலபம். "மாமியார் என்னைக் கோபப்பட வைக்கிறாங்க சாமி" என்று தொடங்குங்கள். ஐந்து நிமிடத்தில் மாமியாரின் பாவங்கள் அத்தனையும் சொல்லப்பட்டு, மன்னிப்பு மட்டும் உங்களுக்குக் கிடைத்துவிடும். இன்னொரு வழி, அற்ப பாவங்களை மேலே அடுக்குவது. பொடி நெத்தலியைக் கூடையில் பரப்பிவைத்தால் அடியில் கிடக்கும் சுறா கண்ணில் படாது. காலை ஜெபம் தவறியது, பூசையில் தூங்கியது, பிள்ளையைத் திட்டியது. நடுவே, மூச்சு விடாமல், "சின்னச் சின்னப் பொய்".

சோதனை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடலூர்ப் பக்கத்து ஆட்களுக்கு நம் பாகூர்ப் பக்கம்தான் சோதனை, சரக்கு மலிவு. அதைத் தாண்டித் திரும்பும்போது முள்ளோடையில் அரசாங்கம் இன்னொரு சோதனை வைத்திருக்கிறது, சாவடி போட்டு. இரண்டுக்கும் ஒரே சொல்லைத் தந்த தமிழை மெச்சத்தான் வேண்டும். கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் சோதனை வரும் இடத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் 2017-ல் திருத்தினார்கள். கடவுளே நம்மைச் சோதனைக்கு இழுத்துப் போகிறார் என்பதுபோல் பழைய வாசகம் தொனித்ததாம். பாண்டிக்குப் பிரெஞ்சில் ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் இதற்கு இத்தனை நாள் எடுத்துக்கொண்டார்கள். தமிழ்க் கத்தோலிக்கர்களோ, சோதனை வரும், விழாமல் பிடித்துக்கொள் என்ற பொருளில்தான் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கிறோம். பிடித்த கையை நாமே உதறிவிட்டு ஓடுவது வேறு கதை.

மன்னிப்பு? ஏழு தரம் மன்னித்தால் போதுமா என்று பேதுரு என்கிற இராயப்பர் இயேசுவிடம் கேட்க, எழுபது தடவை ஏழு என்று பதில் வந்தது. 490. நோட்டுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். 491-ஆவது தடவை தாராளமாக அடிக்கலாம். எங்கள் கடலில் அவ்வளவு தூரம் எண்ணுகிற பொறுமை யாருக்கும் இல்லை. 2021 ஆகஸ்டில் சுருக்குமடி வலைத் தகராறில் நல்லவாடும் வீராம்பட்டினமும் மோதிக்கொண்டபோது, போலீஸ் வானத்தை நோக்கிச் சுட வேண்டியிருந்தது.

கடைசிக் காரியம் அபராதம். குப்பத்தில் பஞ்சாயத்து அபராதம் போட்டால் ரூபாயாகக் கட்ட வேண்டும். கோயிலில் மூன்று அருள்நிறை மந்திரத்தோடு முடிந்துவிடும். இந்த லாபத்தை நம்பித்தான் நான் வில்லியனூர் போனேன்.

என் சொந்த சுறா இது. ஃபைபர் படகில் எனக்கும் மச்சானுக்கும் சரிபாதிப் பங்கு. ஒருநாள் அவர் வலையை அலசிக்கொண்டிருக்க, ஏலத்துக்கு நான் போனேன். வஞ்சிரம் பதினோராயிரத்துக்குப் போனது. மச்சானிடம் ஏழாயிரம் என்றேன். வில்லியனூர்க் கூட்டத்தில் நின்று, மேலே சொன்ன முறைப்படியே சங்கீர்த்தனம் செய்தேன்.

"சின்னப் பொய்னா?" என்றார் உள்ளே இருந்த கிழவர்.

"வியாபாரத்துல, சாமி."

"எவ்வளவு ரூபாய்?"

எத்தனை தடவை என்று கேட்பார்கள், எவ்வளவு ரூபாய் என்று கேட்டு நான் பார்த்ததில்லை. பின்னால் ஐம்பது பேர். அவருக்கு அவசரமே இல்லை. சக்கேயு என்ற வரிக்காரன் ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்னவன், நீ ஒரு மடங்கு கொடு போதும், அதுதான் அபராதம் என்று அனுப்பிவிட்டார்.

இராயப்பரும் மீன்பிடிக்காரர்தான். கரி நெருப்பில் குளிர்காய்ந்துகொண்டே, இயேசுவைத் தெரியாது என்று மூன்று தடவை சொன்னவர். பிறகு திபேரியாக் கடற்கரையில் இன்னொரு கரி நெருப்பு, அதன்மேல் மீன். தெரியாது என்றவரிடம், என்மேல் அன்பு இருக்கிறதா என்று அதே மூன்று தடவை கேட்கப்பட்டது. அன்றைக்கு வலையில் ஏறியது 153 மீன் என்று அருளப்பர் தம் நற்செய்தியில் எழுதிவைத்திருக்கிறார். உயிர்த்தெழுந்தவர் எதிரில் நிற்கும்போதும் யாரோ உட்கார்ந்து மீனை எண்ணியிருக்கிறார்கள். சந்தேகமே வேண்டாம், கடற்கரை ஆட்கள்தான்.

நல்லவாட்டுக் கரையில் மச்சான் வலைக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். பணத்தை நீட்டி, அந்த வஞ்சிரக் கணக்கு என்று இழுத்தேன்.

"பதினொண்ணுக்குப் போச்சு. அன்னைக்கே தெரியும்" என்றார், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிறகு ஊசியை வலையில் குத்திவைத்துவிட்டு, விரலில் எச்சில் தொட்டு நோட்டுகளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"ஐந்நூறு குறையுது, மச்சான்."