ஓரத்து மாமாவின் இருப்பும் நெகட்டிவின் பரப்பும்: ஒசூர் வட்டாரத்தை முன்வைத்து ஒரு முன்னாய்வு

ஆய்வின் இட எல்லை: வடக்கே ஜுஜுவாடி சோதனைச்சாவடி, தெற்கே கிருஷ்ணகிரி மாந்தோப்பு. கால எல்லை: கல்யாண ஆல்பத்தில் கறுப்பு அட்டையும் இடையிடையே பட்டர் பேப்பரும் இருந்த காலம். ஆய்வுச் சிக்கல்: பெரிய நெகட்டிவ் உயர்ந்ததா, சின்ன நெகட்டிவ் உயர்ந்ததா? இத்துறையில் இதற்கு முன் யாரும் ஆராயவில்லை என்பதை நூலகத்துக்குப் போகாமலே உறுதி செய்துகொண்டோம்.

முதலில் அளவு. 120 என்பது மில்லிமீட்டரும் அல்ல, படக் கணக்கும் அல்ல. கோடக் கம்பெனி தன் சுருள்களுக்கு வரிசையாகப் போட்டுவந்த எண்களில் ஒன்று. 1901-இல் பிரௌனி பெட்டிக் கேமராவுக்காக வந்த சுருள், இன்றும் விற்கிறது. அதில் 6க்கு 6 என்று பேர்பெற்ற சதுரத்தை ஸ்கேல் வைத்து அளந்தால் பக்கத்துக்கு 56 மில்லிமீட்டர்தான் தேறும். ஒசூரில் 30க்கு 40 மனை வாங்கியவர்களுக்கு இது புதிதல்ல; இதே விகிதத்தில் குறைந்தால் 28க்கு 37. சின்ன பிலிமான 35 எம்.எம். மட்டும் சொன்ன சொல் தவறாமல் 24க்கு 36. பரப்பு 864 சதுர மில்லிமீட்டர், பெரியதற்கு 3,136. ஏறக்குறைய 3.6 மடங்கு. லேலண்ட் லாரியையும் டி.வி.எஸ். 50-யையும் ஒரே ஊரில் செய்து அனுப்பியவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

பிற வகைகள். 6க்கு 9: சுருளுக்கு எட்டே படம், எடுத்தவர் வசதியானவர். 6க்கு 4.5: பதினாறு படம், எடுத்தவர் அவருடைய பங்காளி. 110: நெகட்டிவ் 13க்கு 17, ஆய்வாளர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்தார்.

இனிப் பெயராய்வு. ஒசூர் ஸ்டுடியோ வாசலில் மூன்று மொழிகள் செருப்பைக் கழற்றும். தமிழர் 'பெரிய' நெகட்டிவ் என்பார், தெலுங்குக்காரர் 'பெத்த' என்பார், கன்னடக்காரர் 'தொட்ட' என்பார். மூன்றுக்கும் பொருள் ஒன்றே என்று சொல்லிவிட்டால் ஆய்வு ஒரு வரியில் முடிந்துவிடும் என்பதால், அப்படிச் சொல்வதற்கில்லை. பிரிண்ட்டைப் பெற்றதால் 'பெத்த' நெகட்டிவ் என்பது முதல் கட்சி (சித்தி, வாய்மொழி). பென்சிலால் தொட்டுத் தொட்டு டச்சிங் செய்ததால் 'தொட்ட' நெகட்டிவ் என்பது இரண்டாம் கட்சி (பெரியம்மா, அடுப்படி உரை, குக்கரின் மூன்றாம் விசிலுக்கும் நான்காம் விசிலுக்கும் இடைப்பட்ட பகுதி). இரண்டாம் கட்சிக்கு ஆதாரம் உண்டு. பெரிய நெகட்டிவில் முகத்தின் அம்மைத் தழும்பைக் கூர்தீட்டிய பென்சிலால் நிரப்பிவிடலாம். 35 எம்.எம். குரூப் போட்டோவில் முகமே பென்சில் முனையளவுதான். தழும்பைத் தொடப் போனால் மூக்கு போகும்.

'கோடக்' என்பது 'கோடு ஆக்கு' என்பதன் திரிபு என்றும் ஒரு கருத்து உண்டு. ஈஸ்ட்மன், 'கே' என்ற எழுத்துப் பிடித்துப்போய்த் தாமே புனைந்த பொருளற்ற பெயர் அது என்றார். தமிழ் வேர் தனக்குத் தெரியாது என்பதை அவர் அவ்வளவு நாகரிகமாக ஒப்புக்கொண்டிருக்கிறார். இந்த அளவு அடக்கம் நம் வேர்ச்சொல் அறிஞர்களுக்கும் வாய்க்க வேண்டும்.

ஊட்டியில் 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள் விற்றது. இந்து என்றால் நிலா. ஒசூர் மலைமேல் இருப்பவர் நிலாவைச் சூடிய சந்திரசூடேஸ்வரர். ஆகவே தொழிற்சாலை ஒசூருக்கு வந்திருக்க வேண்டியது. ஊட்டிக்குப் போனது பாடபேதம்.

இப்போது ஆய்வின் உயிர்நிலையான 'ஓரத்து மாமாக் கோட்பாடு'. நெகட்டிவ் சதுரம், பிரிண்ட் பேப்பர் சதுரமல்ல. போஸ்ட்கார்டு சைஸ் என்பது மூன்றரைக்கு ஐந்தரை அங்குலம். மாலையும் கழுத்துமாக நிற்கும் ஜோடியை நெட்டுவாக்கில் பிரிண்ட் போடும்போது 56 மில்லிமீட்டர் அகலத்தில் ஏறத்தாழ 36-தான் பேப்பருக்கு வரும். இரு பக்கமும் பத்துப் பத்து மில்லிமீட்டர் காலி. மேடையின் அகலம் 10 அடி என்று கொண்டால் பக்கத்துக்கு 1.8 அடி. ஒசூர்ப் பக்கத்து மாமா ஒருவர் தோளுக்குத் தோள் ஒன்றரை அடி இருப்பார் (அளந்தவர்: மத்திகிரி தையற்காரர், ஜிப்பாவுக்கு அளந்ததால் அரை அங்குலம் லூஸ்). ஆக இடப்பக்கம் ஒரு முழு மாமா, வலப்பக்கம் ஒரு முழு மாமா, இருவரின் தோள்துண்டுகளோடு வெட்டுப்படுகிறார்கள். இதை மறுப்போர், 'அவர் கல்யாணத்துக்கே வரவில்லை' என்பர் (அத்தை, மறுவீட்டு விருந்துரை, பாயசத்துக்குப் பிந்தைய படலம், தென்முனைப் பந்தி வாசகத்தில் 'வந்தார், மொய் எழுதவில்லை' என்று காண்கிறது, நடுப்பந்தி வாசகம் சாம்பார் பட்டுச் சிதைந்தது). மொய் நோட்டில் பெயர் இருக்கிறது, 11 ரூபாய்.

35 எம்.எம்.மில் இந்தக் கொடுமை இல்லை. 24க்கு 36 என்பதும் 4க்கு 6 அங்குலப் பிரிண்ட்டும் ஒரே விகிதம். நெகட்டிவில் நின்ற மாமா எவரும் பேப்பரிலும் நிற்பார். சுருளுக்கு 36 படம் என்பதால் கண்ணை மூடியிருந்தாலும் அடுத்ததில் திறந்துவிடலாம். பன்னிரண்டே படமுள்ள 120-இல் மூடிய கண் மூடியதுதான். ஆனால் அதே மாமா காலமாகி, சுவரில் மாட்ட 12க்கு 15 படம் வேண்டுமென்றால் கதை மாறும். சின்ன நெகட்டிவ் முழுவதையும் கொடுத்தாலும் 12.7 மடங்கு பெருக்க வேண்டும், பெரியதற்கு 6.8 மடங்கு போதும். குரூப் போட்டோவிலிருந்து முகத்தை மட்டும் எடுத்தால் இன்னும் மோசம்: சின்னதில் மாமா ஆற்றுமணலாக வருவார்.

ஆய்வின்போது எங்கள் வீட்டு ஆல்பமும் பரிசோதிக்கப்பட்டது. அப்பா அம்மா கல்யாணப் படத்தின் வலது ஓரத்தில் ஒரு மணிக்கட்டும் அதில் ஒரு எச்.எம்.டி. வாட்ச்சும் மட்டும் இருக்கின்றன. யாருடையது என்று முப்பது வருடமாக வீட்டில் தகராறு. பரணில் நெகட்டிவ் கிடைத்தது. கண்ணாடிக் காகித உறையிலிருந்து எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பெரிய மாமா முழுசாக நின்றுகொண்டிருந்தார், கறுப்பு வேட்டியில், வெள்ளை மீசையோடு.