பட்டிப்பூ வளர்ப்பு: ஒரு நூற்பாவும் அதன் உரையும்

நீரும் உரமும் நேசமும் இன்றி
மாரியும் கோடையும் மலர்வது பட்டியே.

இது யான் இயற்றிய நூற்பா. வேறு யாரும் எழுத முன்வராததால் உரையும் யானே. இச்சூத்திரம் என்னுதலிற்றோ எனின், திருகோணமலை உவர்மலையில் ஒரு வளவுக்குள் பட்டிப்பூ வளர்க்கும் முறையை உணர்த்துதல் நுதலிற்று.

'பட்டி' என்றது தமிழகத்தார் நித்தியகல்யாணி என்னும் செடியை. அதே தமிழகத்தார் சுடுகாட்டுப்பூ என்றும் சொல்வர். சிங்களத்தில் அது மினிமல், அதாவது பிணப்பூ. கல்யாணத்துக்கும் சவக்காலைக்கும் ஒரே செடியைப் பேர் சொல்லி அழைத்தவர்கள் நம்மவர்கள். லின்னேயஸ் 1759இல் வின்கா ரோசியா என்றார். 1837இல் ஜோர்ஜ் டொன் அதைக் கத்தராந்தஸ் ஆக்கினார். செடி இரண்டுக்கும் திரும்பிப் பார்க்கவில்லை. அதன் பிறந்த ஊர் மடகஸ்கார்.

'நீரும் உரமும் இன்றி' என்றது அனுபவத்தால். கச்சான் காற்று அடிக்கும் ஆடி மாதத்தில் என் ரோசாக்கள் கருகி நிற்க, கிணற்றுக்கட்டு வெடிப்பில் ஒரு பட்டி ஐந்து இதழையும் விரித்துக்கொண்டு நின்றது. இரக்கப்பட்டேன். பூச்சாடியில் வைத்து, மாட்டெரு போட்டு, காலையும் மாலையும் தண்ணீர் வார்த்தேன். மூன்றாம் கிழமை இலை மஞ்சளித்தது, அடித்தண்டு கறுத்தது. பிடித்து இழுக்க, சேற்றில் வைத்த குச்சிபோல் கையோடு வந்தது. வேர் முழுக்க அழுகல். அம்மம்மா எட்டிப் பார்த்தார்.

"தன்ரபாட்டில நிண்டதை ஏன் ராசா சாகடிச்சனீ?"

இதனினும் சுருக்கமாக வேரழுகலை விளக்கிய நூலை யான் கண்டிலேன்.

அற்றேல், மாரியில் வாடை கொட்டும் மழைக்கு எல்லாம் அழுகாவோ எனின், சில அழுகும். ஆனால் ஒவ்வொரு பூவும் இரண்டு மெல்லிய காயை நிமிர்த்தி வைத்திருக்கும்; காய்ந்து வெடித்தால் கடுகிலும் சிறிய கறுத்த விதை சிந்தும். தை பிறக்கும்போது, செத்த தாயைச் சுற்றிப் பத்துக் கன்று. மதில் வெடிப்பில் நிற்பவற்றுக்கோ தண்ணீர் தேங்க இடமே இல்லை. வெயில் வேண்டும், வடிகால் வேண்டும். நீண்டு போனால் நுனியைக் கிள்ளிவிடலாம். அவ்வளவுதான் வேளாண்மை.

'நேசம் இன்றி' என்றது மானை நோக்கி. பிரெட்ரிக் கோட்டைப் புள்ளிமான்கள் இன்று கோட்டைக்குள் அடங்குவதில்லை. நகரத் தெருவெங்கும் அவற்றின் ஆட்சி. படலை திறந்து கிடந்த ஓர் இரவில் என் செவ்வரத்தை, ரோசா, கீரைப்பாத்தி மூன்றும் போயின. வாசலில் கிடந்த சோற்றுப் பார்சல் தாளும் போனது. பட்டியில் ஓர் இலை குறையவில்லை. ஆடாதோடைக்கு ஆடு சான்று என்றால், பட்டிக்கு மான் சான்று. பட்டிமாடும் தொடாததால் பட்டிப்பூ ஆயிற்று என்று சொற்பிறப்புக் காண எனக்கு ஆசை. ஆதாரம் அந்த ஆசை ஒன்றே.

மான் விலகுவது கசப்பறிந்து. அந்தக் கசப்பைத்தான் கனடாவில் ரொபேர்ட் நோபிளும் சார்ள்ஸ் பியரும் ஆராய்ந்தார்கள். 1952இல் யமேக்காவிலிருந்து சீனி வருத்தத்துக்கான கைமருந்தென்று கொஞ்சம் இலை வந்தது. சீனி குறையவில்லை, ஆய்வு எலிகளுக்கு வெள்ளணு குறைந்தது. 1958இல் வின்பிளாஸ்டின் பிரிந்தது. பின்னால் வந்த வின்கிறிஸ்டின் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு மருந்தாயிற்று. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குக் காய்ந்த இலை ஏறத்தாழ 500 கிலோ வேண்டும். ஆகவே சீனிக்கென்று இலையைக் கசக்கிக் குடிக்கும் அயலவர் கவனிக்க: அது நஞ்சு. மானுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கட்டும்.

விதை வேண்டுவோர் உவர்மலைப் பக்கம் வந்து என் மதிலடியில் எடுத்துக்கொள்ளலாம். கேட்கவும் வேண்டாம். வாளியை மட்டும் கொண்டுவராதீர்கள்.