மாவு போட்ட பட்டியல்

கேள்வி: வாரத்துக்கான சமையலை முன்கூட்டியே பட்டியல் போட்டுவிட்டால் நேரமும் பணமும் மிச்சமாமே, நிஜமா? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: நிஜம்தான். ஆனால் ஏதோ நேற்றுக் கண்டுபிடித்த மாதிரி பேசுகிறார்கள், அதுதான் சிரிப்பு. நம் வீட்டு கிரைண்டருக்கு இது எப்போதோ தெரியும். சனிக்கிழமை 4 ஆழாக்கு இட்லி அரிசிக்கு 1 ஆழாக்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம் என்று ஊறப்போட்டு அரைத்தால் ஞாயிறு இட்லி, திங்கள் தோசை, செவ்வாய் சற்றே புளித்ததும் ஊத்தப்பம். புதன்கிழமை மூக்கைப் பிடிக்கும் நேரத்தில் வெங்காயம், பச்சை மிளகாய் வதக்கிக் கொட்டிக் குழிப்பணியாரம். ஒரே மாவு, நாலு பெயர். 'மறுபடியுமா?' என்று யாரும் கேட்பதில்லை.

காய்க்கும் வரிசை உண்டு. கீரை, வெண்டைக்காய் வாங்கிய ஓரிரு நாளில். முட்டைக்கோஸ், பீட்ரூட் நடுவாரம். சேனையும் உருளையும் காத்திருக்கும், கோபித்துக்கொள்ளாது. கூடை காலியா? வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம்.

நானும் ஒருமுறை பட்டியல் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். வியாழன்: முருங்கைக்காய் சாம்பார். அது மார்கழி. சந்தையில் விலையைக் கேட்டதும் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஆனாலும் எழுதியாயிற்றே என்று வீம்புக்கு இரண்டு வாங்கி வந்தேன். மறுவாரம் 'வியாழன்: அன்றைக்கு எது மலிவோ அந்தக் காய்' என்று திருத்தினேன். பக்கத்திலேயே பென்சிலால் மனைவி ஒரு வரி சேர்த்திருந்தாள்: 'சமைப்பது: நீங்கள்.'