ஏலே, தலைய ஆட்டாத!

ஏலே பேராண்டி, இங்கன வா. கழுத்துல என்னலே தொங்குது? காலேஜ் டேக்கா? காலேஜுக்குப் போட்டுட்டுப் போனா வாசல்ல நிக்குற வாட்ச்மேன் உள்ள விடுவாரு, சரி. டீக்கடைக்கு எதுக்குலே? நீ அரைக்கால் டவுசர் போட்ட நாள்லருந்து உனக்கு வடை எடுத்துக் குடுக்குற மனுசனுக்கு நீ யாருன்னு தெரியாதாக்கும்?

சேந்து ஒரு மாசம் ஆகல. அதுக்குள்ள வாயத் தொறந்தா ‘பிரோ’ங்குத. லிங்க்டின்ல வேற ‘வருங்காலத் தொழில்நுட்பத் தலைவர்’னு போட்டிருக்கியாம், உங்க அக்கா வாசிச்சுக் காட்டுனா. வருங்காலம் எங்கலே ஓடிப் போகப் போகுது? மொதல்ல மொத செமஸ்டர் வரட்டும்.

தொடக்கத்துல ரெண்டு வாரம் பாடமே கெடையாதாமே. இன்டக்‌ஷனாம். ஒரு ஆளு கோட்டு மாட்டி, கன்னத்துல மைக்க ஒட்டிக்கிட்டு வந்து, ‘உனக்குள்ள ஒரு சிங்கம் தூங்குது’ன்னு கத்திட்டுப் போனாராம். நீங்க எல்லாரும் எந்திரிச்சு நின்னு கை தட்டுனியளாம். சிங்கம் தூங்கட்டும். அன்னைக்கு ராத்திரி போன் போட்டு, ‘மெஸ்ஸுல சாம்பார் தண்ணியா இருக்கும்மா’ன்னு அழுதது எதுலே?

அழுததுக்கு நான் சிரிக்கல. மொத மாசம் எல்லாப் பயலும் அழுவான். பக்கத்துக் கட்டில்காரன் போர்வைக்குள்ள அழுவான், நீ பாத்ரூமுல தண்ணியத் தொறந்துவிட்டுட்டு அழுவ. விடிஞ்சதும் ரெண்டு பேரும் மூஞ்சியக் கழுவிட்டு, ‘செம ஜாலியா இருக்கு’ம்பிய. இந்த நடிப்புக்குத்தான் எனக்குச் சிரிப்பு வருது.

இதே கூத்துதான் வகுப்புலயும். கணக்கு வாத்தியாரு கேய்லி-ஹாமில்டன் தேற்றத்தப் போர்டு கொள்ளாம எழுதிப்புட்டுத் திரும்பி, ‘அண்டர்ஸ்டாண்ட்?’ம்பாரு. ஒரு பயலுக்கும் வெளங்கிருக்காது. ஆனா அம்புட்டுத் தலையும் ஆடும். பூம்பூம் மாடாவது தலைய ஆட்டிட்டு ஒரு படி அரிசி வாங்கிட்டுப் போவும். நீ என்னத்தலே வாங்குவ? ‘யூ’ வாங்குவ. யூ போட்டா மறுபடி எழுதணும், அதுக்குப் பேருதான் அரியர். ரொம்ப நல்லா மார்க்கு வாங்குனா ‘ஓ’வாம். எங்க காலத்துல அப்படி வட்டம் போட்டு வீட்டுக்குக் கொண்டு வந்தா முதுகு பழுத்துரும்!

என்னது, இங்கிலீசு ஓட மாட்டேங்குதா? ஏன்லே, மேட்ரிக்ஸுன்னு அவரு சொல்லுதது பன்னெண்டாவதுல நீ மொத பாடத்துல போட்ட அணிக்கணக்குதான. அன்னைக்கு அத நூத்துக்கு நூறு போட்ட பய நீ. ‘சார், இந்த வரி எப்படி வந்துச்சு?’ன்னு தமிழ்லயே கேளு. வாத்தியாரும் வீட்டுக்குப் போனா தமிழ்லதான் பேசுதாரு.

வேடிக்கை என்னன்னா, தெரிஞ்சதுக்கும் நீ வாயத் தொறக்க மாட்டேங்குத. அண்ணா பல்கலைக்கழகத்துல 2021 பாடத்திட்டத்துல ‘தமிழர் மரபு’ன்னு ஒரு பாடம் வச்சாங்கல்லா? தெருக்கூத்து, கரகாட்டம், வில்லுப்பாட்டு, கணியான் கூத்து, சிலம்பம் எல்லாம் அதுல உண்டு. வில்லுப்பாட்டுக்கு உங்க மேடம் ஸ்லைடு போட்டுக் காட்டுனாங்களாம். நீ கோயில் கொடையில விடிய விடிய மொத வரிசையில சம்மணம் போட்டுக் கேட்ட பய. பக்கத்துல இருந்த பட்டணத்துப் பிள்ள, குடத்த எதுக்கு அடிக்காங்கன்னு முழிச்சிருக்கு. நீயும் அதுகூடச் சேந்து முழிச்சியாமே? தெரியாததக் கேக்கவும் வெக்கம், தெரிஞ்சதச் சொல்லவும் வெக்கம்னா, அப்பனுக்குப் பீசாவது மிச்சமாகட்டும்னு வீட்டுலயே இருந்திருக்கலாம்லா.

அப்புறம் அந்த சீனியர் ஒருத்தன். ‘மொத வருசம் ஜாலியா இரு, பரீட்சைக்கு மொத நாள் ஜெராக்ஸ் கடைக்குப் போனாப் போதும்’னு ஞானம் சொன்னானாம். அவன் எத்தன அரியர் வச்சிருக்கான்னு கேட்டியா? கேட்டிருக்க மாட்ட. அந்த 2021 பாடத்திட்டத்துல கடைசிப் பரீட்சைக்கு 60 மார்க்குதான். மிச்சம் 40-ம் செமஸ்டர் பூரா நடக்குற டெஸ்டுலயும் அசைன்மென்டுலயும்தான் வருது. அத எந்த ஜெராக்ஸ் கடையில விக்காங்க? தக்க காரணமில்லாம வருகை 75 விழுக்காட்டுக்குக் கொறஞ்சா பரீட்சை எழுதவே விட மாட்டாங்க. நம்ம தெருவுலயே ஒருத்தன் மொத செமஸ்டர் கணக்க நாலு வருசமாச் சுமந்தான். கேம்பஸ் இன்டர்வியூவுக்கு டை கட்டிட்டுப் போனவன, அரியர் இருக்குன்னு வாசல்லயே திருப்பி விட்டுட்டாங்க. டை மட்டும் நல்லா இருந்துச்சு.

ஒண்ணு மட்டும் வெளையாட்டில்லாமச் சொல்லுதேன். சும்மா ஜாலிக்குன்னு சொல்லி எவனாவது உன்ன மண்டி போட வச்சாலோ, மேல கைய வச்சாலோ, அங்கயும் தலையாட்டிட்டு நிக்காத. நம்ம தமிழ்நாட்டுல ராகிங்குக்கு 1997-லயே சட்டம் போட்டாச்சு, ரெண்டு வருசம் வரைக்கும் உள்ள தள்ளலாம். வார்டன்கிட்டச் சொல்லு, எங்கிட்டயும் சொல்லு.

அரசுப் பள்ளியில படிச்ச பயலுக்குத் தமிழ்ப்புதல்வன்ல மாசம் ஆயிரம் ரூவா வருதில்லா, அதுல வெள்ள ஷூ வாங்கியாச்சாமே? நம்ம கரிசக்காட்டுல ஒரு மழை பெய்யட்டும், ஷூ என்ன நெறம்னு அப்புறம் பேசுவோம். கணக்குப் புத்தகம் வாங்கியாச்சா? சொல்ல மாட்ட, தெரியும்.

சரி, திங்கக்கெழம போகும்போது கோவில்பட்டி கடலைமிட்டாய் ஒரு கிலோ கட்டித் தாரேன். போனதும் பெட்டிக்குள்ள பூட்டி வைக்காத. கட்டில் மேல பிரிச்சு வை. அறைக்காரப் பயலுவ தன்னால வந்து குமிவானுவ. வாயி நெறைய மிட்டாயி இருக்கயில எவனும் பெரும பேச முடியாது பாத்துக்க. அப்பக் கேளு, ‘எனக்கு அந்தக் கணக்கு வெளங்கல, உங்களுக்கு?’ன்னு. ஒருத்தனுக்கும் வெளங்கிருக்காது. நாலு பேருமா வாத்தியாரு அறைக்குப் போங்க. அவருக்கும் ரெண்டு துண்டு எடுத்துட்டுப் போ. ஆனா கணக்கக் கேட்டு முடிச்சுட்டுக் குடு. முந்தியே நீட்டுனா மார்க்குக்கு அடி போடுதான்னு நெனைச்சிரப் போறாரு.