அறை யாருக்கு?

பழைய வின்செஸ்டர் 94 வேட்டைத் துப்பாக்கியின் அறையைக் குடைந்து பெரிதாக்கி, இன்னும் வலுவான தோட்டாவைப் போட்டால் என்ன?

அடுத்த அறை சுடுபவர் கன்னத்தில் விழும்! குடைவது குழலைத்தான்; வெடிப்பின் உதையைத் தாங்குவதோ பின்னால் இருக்கும் பூட்டுக்கட்டை. அதை யார் பலப்படுத்துவது? 1978-ல் .375 தோட்டாவுக்காக வின்செஸ்டர் நிறுவனமே 94-ன் உடற்கூட்டின் பின்சுவர்களைத் தடிமனாக்கிய பிறகுதான் விற்றது.

இன்னொன்று, இதில் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். கூர்முனைத் தோட்டா போட்டால், முன்னால் இருப்பதன் பின்புற வெடிமூட்டியில் (பிரைமரில்) குத்தி உள்ளேயே வெடிக்கலாம். அதனால்தான் தட்டை மூக்கு. அமெரிக்கக் காடுகளில் வெள்ளைவால் மானுக்கு இதன் வழக்கமான .30-30 தோட்டா நூறாண்டுக்கு மேலாகப் போதுமானதாகவே இருக்கிறது. பெரிய கரடியைத் தேடிப் போகிறவர் அதற்கென்றே செய்த துப்பாக்கியை வாங்கட்டும்.