வாசல் கமிட்டி

அமெரிக்க ஜென் தியான மையங்களில், புதிதாக வருகிறவர்களை நழுவவிடாமல் பார்த்துக்கொள்ளக் கமிட்டி போடுகிறார்கள். வாசலில் புன்னகைக்க ஒருவர், செருப்பை எங்கே விடுவது என்று காட்ட இன்னொருவர், முட்டி மடங்காதவருக்கு நாற்காலி, முடிந்ததும் தேநீர், பிஸ்கட். அடுத்த வாரம் வராவிட்டால் அன்பாக ஒரு மின்னஞ்சல்.

ஜென் முன்னோர்களுக்கு இந்தச் சாமர்த்தியம் போதாது. போதிதர்மர் ஒன்பது வருடம் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார் என்பது ஐதிகம். சீடராகச் சேர வந்த ஹுய்கே, பனியில் நின்று தன் கையை வெட்டி நீட்டிய பிறகுதான் அவரை ஏற்றுக்கொண்டாராம். இன்றைய கமிட்டி கையெழுத்தோடு விட்டுவிடுகிறது. ஜப்பானிய ஜென் மடங்களிலோ, “இடமில்லை, போய்விடு” என்பதுதான் வரவேற்புரை. போகாமல் வாசலிலேயே நாள்கணக்கில் குனிந்து கிடந்தால் உள்ளே விடுவார்கள்.

1959இல் சான் பிரான்சிஸ்கோ வந்த ஜென் குரு ஷுன்ரியு சுசுகி கமிட்டி எதுவும் போடவில்லை. தினமும் விடியற்காலையில் உட்கார்ந்தார். வேண்டியவர்கள் கூட வந்து உட்கார்ந்தார்கள். 1962இல் ஜென் மையமே உருவாகிவிட்டது. அவர்களுடைய தசஹாரா மலை மடத்துச் சமையலறையிலிருந்து 1970இல் ரொட்டி செய்முறைப் புத்தகம் வந்து சக்கைப்போடு போட்டது. 1979இல் கிரீன்ஸ் என்ற சைவ உணவகமும் திறந்தார்கள். ஞானத்துக்கு மசியாதவர்கள் ரொட்டிக்கு மசிந்தார்கள்.

‘நான்’ என்று ஒன்றுமே இல்லை எனச் சொல்லித்தரும் இடத்தில் தலைகளை எண்ணுவது முரண்தான். என்ன செய்வது? எல்லாம் அநித்தியம், கட்டடச் செலவு நீங்கலாக.