ஒலுவிலின் வாயில்

கேள்வி: இந்தியா சொந்தமாகக் கொர்வெட் போர்க்கப்பல் கட்டுதாமே காக்கா! ஒலுவில் துறைமுகம் சும்மாதானே கிடக்கு, நாமளும் ஒண்டு கட்டினால் என்ன?
— சாய்ந்தமருது வாசகர்

பதில்: கட்டலாம் தம்பி, வெளியே எடுக்கிறதுதான் பாடு. ஒலுவிலின் வாயில் மண். தோணி போகவே தோண்ட வேணும். இந்தியாவின் அந்தக் கொர்வெட்டோ 109 மீற்றர் நீளம்.

கொல்கத்தாவில் கட்டிய கமோர்த்தா, கட்மத், கில்தான், கவரத்தி என்ற நாலு கொர்வெட்டும் 2014 முதல் 2020 வரை ஒவ்வொன்றாகக் கடற்படைக்கு வந்தவை. உருக்குக்கூட உள்நாட்டுச் சரக்கு. ஆனால் முதல் கப்பல் இழுவைச் சோனாரும் விமான எதிர்ப்பு ஏவுகணையும் இல்லாமலே சேவைக்கு வந்தது. மாப்பிள்ளை வந்தாச்சு, தொப்பி பிறகு வரும் என்ற மாதிரி!

எனக்குப் பிடிச்சது கில்தான். அதன் மேற்கட்டு கார்பன் இழையும் பிசினும். நம்ம கரையில் ஓட்டை வள்ளத்துக்குப் பைபர் ஒட்டுறவர், விரலில் பிசின் காய முன்னமே, "இதைத்தானே நானும் செய்றன்" என்பார். பெயரும் இலட்சத்தீவில் நம்மட முஸ்லிம் ஆக்கள் வாழும் தீவின் பெயர்.

நாமளும் சும்மா இருக்கல்ல. கொழும்பு டொக்யார்ட் கட்டிய ஜயசாகர 1983இல் கடற்படையில் சேர்ந்தது. சுமார் 40 மீற்றர் ரோந்துக் கப்பல். கொர்வெட்டுக்குக் கடைசித் தம்பி. அதைக்கூட ஒலுவிலுக்குள் விட எனக்குப் பயம்.